கூழ் ஊற்றும் ஊரில் பால் வேண்டாம் என்றவருக்கு

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு வருத்தங்கள் தெரிந்தன. பால், தயிர், நெய் மூன்றையும் விட்ட பிறகு செங்கல்பட்டுப் பக்கம் நிம்மதியாகச் சாப்பிட இடம் கிடைக்கவில்லை என்பது ஒன்று. விட்ட நாளிலிருந்து நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவதே அரிதாகிவிட்டது என்பது இன்னொன்று. வேலை மகேந்திரா சிட்டியில், அறை மறைமலை நகரில். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதியில் நடக்கும் வீகன் விருந்துக்குப் போய்வருவதாகவும், அங்கே சாப்பாடு நன்றாக இருந்தாலும் வேறு ஏதோ ஊரில் இருப்பதுபோலத் தோன்றுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உங்களைப் போல இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

விடுதி விருந்தை நான் குறை சொல்லவில்லை. பால் வேண்டாம் என்று சொன்னதும் ஏன் என்று யாரும் கேட்காத ஓர் அறை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது தெரியும். அங்கே கிடைத்த நண்பர்களை விட்டுவிடாதீர்கள். ஆனால் பாலில்லாச் சாப்பாட்டை ஊர் கூடிச் சாப்பிடும் வழக்கம் அந்த விடுதிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த மாவட்டத்தில் இருக்கிறது. நீங்கள் தேடுவதில் பெரும்பகுதி உங்கள் அறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஏதோ ஒரு அம்மன் கோயில் வாசலில், ஆடி மாதம் முழுக்க அண்டா அண்டாவாகக் காய்கிறது.

ஆடிக் கூழைத்தான் சொல்கிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். உங்களுடன் வேலை பார்க்கும் பலருக்கு அது ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி பாட்டாகவும் போக்குவரத்து நெரிசலாகவும் மட்டும் தெரிகிறது.

மாரியம்மன், செல்லியம்மன், கன்னியம்மன், எல்லையம்மன் என்று எந்தக் கோயிலானாலும், ஆடி வெள்ளி அல்லது ஞாயிறு ஒன்றைக் குறித்து வைப்பார்கள். வீடு வீடாகக் கேழ்வரகும் அரிசியும் பணமும் சேரும். கேழ்வரகைக் கேவுரு என்றுதான் இந்தப் பக்கம் சொல்வார்கள். மாவைத் தண்ணீரில் கரைத்து இரவெல்லாம் புளிக்க வைப்பார்கள். மறுநாள் அண்டாவில் அரிசி நொய்யை வேகவிட்டு, குழைந்ததும் புளித்த மாவை ஊற்றி மரத் துடுப்பால் கிளறுவார்கள். ஒருவர் கை ஓய்ந்தால் இன்னொருவர் வாங்கிக்கொள்வார். நனைத்த விரலால் தொட்டுப் பார்த்தால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். அந்தக் களி ஆறி ஓர் இரவு கிடந்து லேசாகப் புளிக்கும். காலையில் உப்புப் போட்டுக் கையால் கரைத்து, சின்ன வெங்காயத்தை அரிந்து போட்டால் கூழ். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கொத்தவரங்காய் வற்றல், மாங்காய், மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. சாமிக்குப் படைத்ததும் வரிசை தொடங்கிவிடும். தூக்குவாளி, குண்டான், சொம்பு என்று கையில் கிடைத்த பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். யார் வீடு, என்ன தொழில் என்று கேட்டு ஊற்றுகிற வழக்கம் அந்த வரிசையில் இல்லை. வழிப்போக்கருக்கும் உண்டு.

இரண்டு இடங்களில் மட்டும் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். சிலர் கரைக்கும்போது மோர் விடுவார்கள். "மோர் விடறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கம்மா" என்று கேட்டால் தாராளமாக எடுத்துக் கொடுப்பார்கள், ஏனென்று விசாரிக்கக்கூட மாட்டார்கள். மோர் மிளகாயும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்தது கருவாட்டுக் குழம்பு. அது ஆடிக் கூழோடு சேர்ந்தே வரும். அதைப் பார்த்து முகம் சுளிக்காமல் அடுத்த வாளிக்காகக் காத்திருக்க உங்களால் முடிய வேண்டும். இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

இதன் பெரிய வடிவத்தைப் பார்க்க விரும்பினால் ஆடிப்பூரத்தன்று மேல்மருவத்தூர் போங்கள். ஆதிபராசக்தி சித்தர் பீடத்தில் செவ்வாடை உடுத்திய பெண்கள் கஞ்சிக் கலயம் சுமந்து வருவார்கள். அங்கே கருவறைக்குள் பெண்களே போய்ப் பூசை செய்யலாம், மாதவிடாய் நாளென்று யாரும் தடுப்பதில்லை. பாலாபிஷேகமும் நடக்கும், அது உங்கள் மனதுக்கு உறுத்தலாம். கஞ்சி உறுத்தாது.

கருவாட்டைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்றதற்கு இப்போது வருகிறேன். நம் ஊரில் சைவச் சாப்பாட்டின் பெருமை பெரும்பாலும் பாலையும் நெய்யையும் நம்பியே நிற்கிறது. முதலில் பருப்பின்மேல் நெய், முடிவில் கட்டித் தயிர், நடுவில் பாயசம். மாடும் நிலமும் யாரிடம் இருந்தனவோ அவர்கள் வீட்டில்தான் அந்த இலை விரிந்தது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், இந்த மாவட்டத்துத் தலித் விவசாயக் கூலிகளின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். சொந்தமாகக் காணி நிலமும் இல்லாமல், குடியிருக்கும் மனைக்கும் மிராசுதாரரை நம்பி வாழ்ந்தவர்களின் கதை அது. அவர்களுக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான். அப்படிப்பட்ட குடும்பங்கள் நெய்யை விலக்கி வைத்ததில்லை, அது அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்ததில்லை. கேழ்வரகும் கீரையும் வேர்க்கடலையும்தான் அவர்களை உழைக்க வைத்தன. பாலையும் நெய்யையும் விட்டதன் மூலம் நீங்கள் அறிந்தோ அறியாமலோ அவர்களுடைய சமையலுக்கு அருகில் வந்திருக்கிறீர்கள். நெய்யொழுகும் சைவ இலைக்கு அருகில் அல்ல.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன். "வாடகைக்கு வீடு, சைவம் மட்டும்" என்று எழுதி வைக்கும் வீட்டுக்காரர் உங்களைப் பார்த்து மகிழ்ந்து, "நீங்க எங்க ஆளு" என்று சொல்லும் நாள் வரும். அந்தப் பாராட்டை ஏற்காதீர்கள். நீங்கள் பாலை விட்டது கன்றுக்காக. பக்கத்து வீட்டு மீன் குழம்பு வாசனையிலிருந்து தப்பிக்க அல்ல. இந்த இரண்டும் கலந்துவிட்டால், விலங்குக்காகத் தொடங்கிய கருணை மனிதருக்கு எதிரான வேலியாக முடிந்துவிடும். நம் ஊரில் அப்படி முடிவது மிகச் சுலபம்.

அந்த வேலி பந்திக்குள்ளும் வரும். பந்தி எவ்வளவு கனமான சொல் என்பதற்கு மாமல்லபுரத்திலேயே சான்று இருக்கிறது. 2021 அக்டோபரில், தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் உட்காரவிடாமல் தன்னை விரட்டினார்கள் என்று ஒரு நரிக்குறவர் பெண் பேசிய காணொலி தமிழகம் முழுக்கப் பரவியது. சில நாட்களில் அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலுக்கு வந்து அவரோடும் அவருடைய மக்களோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த ஆண்டுத் தீபாவளியன்று, நவம்பர் 4, முதலமைச்சர் ஸ்டாலின் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். அந்தக் கோயில் பந்தியில் பரிமாறியது சோறும் குழம்பும்தான். முழுச் சைவம். உயிர் எதையும் கொல்லாத உணவு. அதை ஒரு பெண்ணுக்கு மறுக்க முடிந்தது என்றால், இலையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது மட்டும் போதாது. அடுத்த இலையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும்.

அதே பூஞ்சேரியில்தான் 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். தேதியைக் கவனியுங்கள், நடு ஆடி. உலகம் அங்கே சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரமும் சுற்றுவட்டார ஊர்களில் கூழ்த் திருவிழாக் காலம்தான்.

மாமல்லபுரம் போனால் நீங்கள் அவசியம் நின்று பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்தில் கிருஷ்ண மண்டபம். தூண்கள் விசயநகரக் காலத்தில் கட்டியவை, உள்ளே பாறையில் இருக்கும் புடைப்புச் சிற்பம் பல்லவர் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. கோவர்த்தன மலையைக் கண்ணன் தாங்கி நிற்க, அதன் கீழே ஆயர்பாடி முழுவதும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் பால் கறக்கிறார். பசுவோ கறப்பவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கழுத்தை வளைத்துத் தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிற்பிக்குக் கன்று இல்லாமல் கறவையைச் செதுக்கத் தோன்றவில்லை. இன்றைய கறவையில் முதலில் காணாமல் போவது அந்தக் கன்றுதான். டிராக்டர் வந்த பிறகு காளைக் கன்றுக்கு வயலில் வேலை இல்லை, சின்ன வயதிலேயே விற்றுவிடுகிறார்கள். கன்று செத்தால் அதன் தோலுக்குள் வைக்கோலை அடைத்து மாட்டுக்கு முன்னால் நிறுத்திக் கறந்த வழக்கமும் நம் கிராமங்களில் இருந்தது. நீங்கள் பாலை விட்டதற்குக் காரணம் கேட்டு யாராவது வாதாடினால், வாதாட வேண்டாம். அந்தச் சிற்பத்துக்கு அழைத்துப் போங்கள்.

அதே சமயம், இரண்டு மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெண்ணிடம் போய் இதைப் பேசாதீர்கள். அவள் கையில் வேறு தொழில் கொடுக்க நம்மிடம் வழி இல்லாதபோது அவளைக் குற்றவாளியாக்கும் உரிமையும் நமக்கு இல்லை. மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டிலும் தேவநேரியிலும் விடியுமுன் வலை ஏற்றும் மீனவருக்கும் இதுவே பொருந்தும்.

மாசிப் பௌர்ணமிக்கு ஒருமுறை மாமல்லபுரம் கடற்கரைக்குப் போங்கள். வட மாவட்டங்களிலிருந்தெல்லாம் இருளர் குடும்பங்கள் வந்து கூடுவார்கள். மணலில் கழி நட்டுப் புடவையால் மறைப்புக் கட்டி இரவு தங்குவார்கள். விடியலில் மணலில் ஏழு படி கட்டி, பூவும் பழமும் வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணம், காதுகுத்து, பெயர் வைப்பது எல்லாம் அங்கேயே நடக்கும். நிற்கச் சொன்னால் நின்று பாருங்கள், படம் எடுக்குமுன் கேளுங்கள். அவர்கள் உண்பதை உங்கள் அளவுகோலால் அளக்காதீர்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்தத் தொழில் நின்றபின், 1978இல் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்கும் அந்தச் சங்கம், பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துவிட்டு உயிரோடு காட்டில் விடுகிறது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் மூலப்பொருள். விலங்குகளோடு எப்படி வாழ்வது என்று நாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ள நிறைய இருக்கிறது.

காணும் பொங்கலையும் விட்டுவிடாதீர்கள். அன்று மாமல்லபுரத்தில் கூட்டம் தாங்காது, பேருந்தில் நின்றுகொண்டுதான் போக வேண்டும். ஆனால் புல்வெளியில் விரியும் கட்டுச்சோற்றைப் பாருங்கள். நல்லெண்ணெயில் கிளறிய புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், துவையல். தயிர்ச்சோறு ஒன்றைத் தள்ளிவிட்டால் மீதி எல்லாம் உங்களுக்கானது. ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுபோய்ப் பக்கத்து ஜமக்காளத்துக்கு ஒரு கரண்டி நீட்டினால் போதும், அங்கிருந்து நாலு கரண்டி திரும்பி வரும். டிசம்பர், ஜனவரியில் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழாவுக்குப் போகும் மாலைகளில் கடற்கரைத் தேங்காய் மாங்காய்ப் பட்டாணிச் சுண்டல் துணை. சாலையோரத்தில் பருவத்துக்கு ஏற்ப நுங்கு, பனங்கிழங்கு, வேர்க்கடலை, தர்ப்பூசணி.

கடைச் சாப்பாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்களே பாதி கண்டுபிடித்திருப்பீர்கள். இட்லி, இடியாப்பம், சாதாத் தோசை, ஆப்பம் தேங்காய்ப்பால், பூரிக் கிழங்கு நம்பலாம். தோசைக்கு எண்ணெய் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெண்பொங்கலிலும் கேசரியிலும் நெய் இருக்கும். ரவா தோசை மாவில் மோர் உண்டா, குருமாவில் தயிர் உண்டா, பரோட்டா மாவில் முட்டையோ பாலோ உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். பெருமாள் கோயில் புளியோதரையும் சுண்டலும் பெரும்பாலும் சிக்கல் இல்லாதவை. மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சமைத்துப் பழகிய கடைகள் இருப்பதால் அங்கே அதிகம் விளக்க வேண்டியிருக்காது. காபிக்குப் பதில் சுக்குக் காபி, பால் விடாமல்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். கால்சியம் பற்றிப் பயப்பட வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பசும்பாலில் 120 மில்லிகிராம் அளவில்தான். ஆனால் பி12 வைட்டமின் செடிகொடிகளிலிருந்து நம்பத்தக்க அளவில் கிடைக்காது. கூழிலும் கிடைக்காது, கீரையிலும் கிடைக்காது. மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போடும் வீகன் நண்பர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. கை கால் மரத்துப்போகும்வரை காத்திருக்காதீர்கள்.

தயிர் இல்லாமல் சாப்பாடு முடிந்ததாகவே தோன்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வேர்க்கடலையை இரவில் ஊறவைத்துத் தோல் நீக்கி, நிறையத் தண்ணீர் விட்டு நைசாக அரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். அந்தப் பாலை அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பச்சை மிளகாய்க் காம்புகள் சிலவற்றைப் போட்டு மூடி வையுங்கள். காம்பிலிருக்கும் நுண்ணுயிரே உறைய வைக்கும். முதல் தடவை உறைந்தது அவ்வளவு ருசிக்காது. அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த தடவைக்கு உறை ஊற்றுங்கள், நன்றாக வரும். தாளித்துச் சோற்றில் பிசைந்தால் கட்டுச்சோற்றுப் பாத்திரத்தில் கடைசி இடமும் நிறைந்துவிடும்.

கடைசியாக, உங்கள் விடுதி நண்பர்களைப் பற்றி. இங்கிலாந்தில் 1944இல் டொனால்டு வாட்சனும் சில நண்பர்களும் வீகன் சங்கத்தைத் தொடங்கினார்கள், அந்த வரலாற்றை அவர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் அவர்களுக்கு வடலூரைச் சொல்லுங்கள். 1867 மே 23 அன்று வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. உயிரைக் கொல்லாமையும், யார் எவர் என்று கேட்காமல் சோறிடுவதும் அவருக்கு ஒரே வேலையாக இருந்தன. உங்கள் குழு மாதம் ஒருமுறை கூடுவதாக இருந்தால், அதில் ஒன்றிரண்டு கூட்டத்தையாவது விடுதியிலிருந்து வெளியே கொண்டு வாருங்கள். கட்டணம் வைத்துப் பெயர் பதிந்து சாப்பிடும் இடத்துக்கு, பக்கத்துக் கிராமத்துப் பெண் எப்படி வருவாள்? கோயில் வாசலிலோ பள்ளி மைதானத்திலோ அனுமதி கேட்டு, பந்திப் பாய் விரித்து, தேங்காய்ப்பாலில் பொங்கிய வெல்லப் பொங்கலும் புளியோதரையும் போடுங்கள். சமைக்க அந்த ஊர்ப் பெண்களையே கூப்பிட்டுச் சரியான கூலி கொடுங்கள். வீகன் என்று பதாகை கட்டத் தேவையில்லை. சாப்பிட்டு முடித்தவர் "இதுல நெய்யே இல்லையா?" என்று கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஆடி வரும். மறைமலை நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டியதும் யாரிடமாவது தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சாயங்காலமே போனால் துடுப்புப் பிடிக்க ஆள் தேவைப்படும், போய்க் கிளறுங்கள். கூழ் கிளறியவரை மறுநாள் யாரும் வெளியூர்ப் பெண்ணாகப் பார்க்க மாட்டார்கள். போகும்போது அந்த விடுதி நண்பர்களில் இருவரையாவது அழைத்துப் போங்கள், ஆளுக்கொரு தூக்குவாளியோடு.

அன்புடன்,
செங்கல்பட்டிலிருந்து உங்கள் அக்கா